கூட்டிப் பெருக்காத தோப்பு

ரோக்காஸ்பினா,
செப்டம்பர் 9, 2012

அன்புள்ள இவானோ அண்ணா,

ஈஸ்டருக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாயே, அதன் பிறகு பலமுறை உன்னை அழைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மொய்ரா அண்ணிதான் எடுத்தாள். நீ கடையில் இருப்பதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்டது. பரவாயில்லை. தொலைபேசியில் நாம் இருவருமே அப்பாவைப் போலக் கத்துகிறோம். காகிதத்தில் நான் கொஞ்சம் மரியாதை தெரிந்தவள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உன் செஸ்ட்நட் தோப்புதான்.

அப்பா மேல் பாதியை உனக்கும் கீழ்ப் பாதியை எனக்கும் எழுதிவைத்தபோது நடுவில் ஒரு கல்வரிசை போட்டார். இப்போது அந்தக் கல்வரிசைக்கு வேலையில்லை. முட்புதர் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து உன்னுடையது. நீ கிளாஸ்கோவுக்குப் போன பிறகு அதில் யாரும் அரிவாள் வைக்கவில்லை. ஊரில் இதைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். இந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை.

குளவியைப் பற்றி உனக்குச் சொன்னேன், ஆனால் நீ வந்தபோது மரங்களில் இலை இல்லை, அதனால் நீ பார்க்கவில்லை. அது கோடையில் செஸ்ட்நட் மொட்டுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. அடுத்த வசந்தத்தில் இலை விரிய வேண்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு வருகிறது, சிவப்பும் பச்சையுமாக, பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்தக் கிளையில் பிறகு பூ கிடையாது, காய் கிடையாது. முன்பு அறுவடை முடிந்தால் கொட்டையைப் புகையில் உலர்த்த ஊரில் மூன்று புகைவீடுகளில் தீ மூட்டுவோம். போன வருடம் ஒன்றில்தான் மூட்டினோம். அதன் மேல்தளம்கூட நிறையவில்லை.

அதற்கு மருந்தாக இன்னொரு குளவி வந்த கதையும் உனக்குத் தெரியும். போன வருடம் ஏப்ரலில் மாகாண அலுவலகத்திலிருந்து மார்த்தா ரிக்கெட்டி என்ற பெண் கண்ணாடிக் குழாய்களில் பச்சைக் குளவிகளைக் கொண்டுவந்தாள். கெட்ட குளவியின் புழுவைத் தின்று வளரும் குளவி அது. என் தோப்பில், கல்வரிசையை ஒட்டி நின்ற மரத்தில் அவற்றை விட்டாள். அந்த மரத்துக்குச் சிவப்பு நாடா கட்டினோம், யாரும் தொடக்கூடாது என்று. இந்த பிப்ரவரிப் பனியில் அது இரண்டாகப் பிளந்து பாதையில் விழுந்தது. பக்கத்துத் தோப்புக்கார அடெல்மோ அதே வாரம் வந்து அறுத்து, கிளைகளை எரித்து, பாதையைத் திறந்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். மரத்தோடு குளவிகளும் போய்விட்டன என்று எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டோம்.

ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒரே வழிதான் மிச்சம். முடிச்சு விழுந்த கிளைகளை ஏணி போட்டு வெட்டி, தரையைச் சுத்தமாகக் கூட்டி, எல்லாவற்றையும் எரிப்பது. கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் செய்கின்றன. உன்னுடையது மட்டும்தான் பாக்கி. அடெல்மோ நேற்று என்னைக் கடைவாசலில் நிறுத்தி, "என்னம்மா டெலியா, உங்க அண்ணன் அங்க மீன் வறுக்கறான், இங்க குளவி வளக்கறான், ரெண்டு தொழில் நடத்தறானே" என்றார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஜனவரியில் கூட்டுறவின் கூட்டம். தொடர்வதா கலைப்பதா என்று கேட்கப் போகிறார்கள். கலைந்தால் உலர்ந்த கொட்டையை அரைக்கும் மாவு ஆலை நிற்கும். ஆலை நின்றால் அடெல்மோவின் மகள் குடும்பம் பிராட்டோவுக்குப் போகும், துணி ஆலையில் வேலை கேட்டு வைத்திருக்கிறாள். அவர்கள் போனால் பள்ளிக்கூட வண்டி இவ்வளவு மேலே ஏறி வராது. மற்றதை நீயே யோசித்துக்கொள். நான் லூக்கா நகரில் நூலக வேலையை விட்டு வந்தது இந்த ஊர் ஒவ்வொரு வீடாகப் பூட்டப்படுவதைப் பார்ப்பதற்காக அல்ல.

உன் தோப்பை வெட்டி எரிக்க அனுமதி தந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் தங்கை,
டெலியா

•

கிளாஸ்கோ,
அக்டோபர் 2, 2012

டெலியா,

உன் கடிதாசி வந்துச்சு. இத்தாலித் தபால்தலையைப் பாத்ததும் மொய்ரா ஏதோ நல்ல சேதின்னு ஓடிவந்து நீட்டினா. பிரிச்சா உள்ள இருக்கறது தொடப்பம்.

அடெல்மோவுக்கு என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு? அந்தாளு தோப்புத் தரையில இலை விழறதுக்கு முன்னாடியே கையில பிடிக்கற ஜாதி. சின்ன வயசுல அப்பா என்னையும் அப்படித்தான் ஆக்கப் பாத்தாரு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின வாரம் எல்லாப் பசங்களும் ஆத்துல குதிப்பாங்க, நான் மட்டும் வாரியல் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். காய் விழறதுக்கு முன்னாடி தரை தேவாலயத் தரை மாதிரி இருக்கணும்பாரு. ஒரு குச்சி கிடந்தாலும் திரும்பக் கூட்டச் சொல்வாரு. இங்க வந்த பிறகு எண்ணெய்ச் சட்டியைக் கழுவறேன், கடையைக் கழுவறேன். தரையைக் கூட்ட ஆள் வச்சிருக்கேன். அது ஒண்ணுதான் நான் வாழ்க்கையில சாதிச்சது.

என் பங்கை விட்டுடு. கிறிஸ்துமஸுக்கு வர்றேன், வந்து நானே பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் உள்ள கால் வைக்க வேணாம். காகிதமும் வேணாம் கையெழுத்தும் வேணாம்.

இருமல் உண்மையான இருமல்தான்.

இவானோ

•

ரோக்காஸ்பினா,
நவம்பர் 14, 2012

அண்ணா,

உன் தோப்பில் கால் வைத்தேன். கோபப்படாதே, உரிமையோடுதான் வைத்தேன். நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் திருநாள், முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் தோப்பிலும் தரையில் மிச்சமிருப்பது குனிகிறவருக்குச் சொந்தம் என்ற வழக்கத்தை நீ கிளாஸ்கோவில் மறந்திருக்க மாட்டாய். வேறொருவர் தோப்பிலிருந்து நாம் இரண்டு பேரும் மடி நிறையப் பொறுக்கி வந்ததும், அது யாருடைய தோப்பு என்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

கையுறை போட்டுக்கொண்டு, முட்செடிகளை விலக்கிக்கொண்டு, அப்பா ஒட்டுப் போட்ட பெரிய மரம் வரை போனேன். அதற்கு மேல் போக முடியவில்லை. தரையில் பல வருடத்து இலை, உடைந்த கிளை, பழைய முள்தோடு. கொட்டை கைக்கு அகப்பட்டது ஒரு தொப்பியளவுகூட இல்லை. தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் காய்ந்த முடிச்சுகள். பழுப்பு நிறத்தில், காற்றில் அசைந்துகொண்டு. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பறவை நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. கூட்டிய தோப்புகளில் இப்போதெல்லாம் பறவைகள் நடந்து பார்த்ததில்லை.

ஆனால் எனக்குப் பிடித்திருப்பது கணக்கில்லை. இந்த வருட அறுவடை போன வருடத்தைவிட மோசம். புகைவீட்டின் மேல்தளத்தில் ஒரு மூலைக்குத்தான் கொட்டை பரப்பினோம். அந்த மூலைக்குக் கீழே தீ மூட்டிவிட்டு அடெல்மோ ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் கிறிஸ்துமஸுக்கு வருவான்னு நீ நம்பறியா?"

"வர்றேன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

"நான் கேட்டது அது இல்லம்மா."

தீப்பெட்டியோடு அவரே போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. போனால் நான் தடுப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆமாம் அல்லது இல்லை, ஒன்றைச் சொல். வருகிறேன் என்பது இரண்டும் இல்லை.

டெலியா

•

கிளாஸ்கோ,
ஜனவரி 6, 2013

டெலியா,

வரல. உனக்கே தெரியும் வரலன்னு.

கூட இருக்கற காகிதம் நீ கேட்டது. கையெழுத்துப் போட்டிருக்கேன், சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரர். வெட்டு, கூட்டு, எரி. ஊருல குழந்தைங்க பள்ளிக்கூடம் போக முடியாம போறதுக்கு என் பேரு காரணமா இருக்க வேணாம்.

ஆனா இத்தனை நாள் ஏன் தரலன்னு உனக்குச் சொல்லணும். இந்தக் குளவி வந்ததுல இருந்து அக்கம்பக்கத்துல எத்தனையோ பேரு எனக்கு எழுதிட்டாங்க. மரம் வாங்கற வியாபாரிகூட எழுதினான். எல்லாத்துக்கும் இல்லன்னே சொன்னேன். சோம்பேறித்தனம்னு நீ நினைச்சே. அது கொஞ்சம் உண்டு. மீதி என்னன்னா, அந்தத் தோப்பு அழுக்கா இருக்கற வரைக்கும் எனக்கு அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு. ஒரு நாள் போகணும், போய் முடிக்கணும். நீ அதைச் சுத்தம் பண்ணிட்டா அங்க எனக்காகக் காத்திருக்க ஒண்ணுமில்ல. இதை மொய்ராகிட்டகூடச் சொன்னதில்ல. எழுதும்போதே கேவலமா இருக்கு, கிழிச்சுடலாம்னு ரெண்டு தடவை நினைச்சேன்.

இன்னொண்ணு. மொய்ரா முழுகாம இருக்கா. கோடையில பிறக்கும். அதுக்கு நான் அந்த ஊரைப் பத்தி என்ன சொல்லிக் குடுப்பேன்னு தெரியல.

எரிக்கற அன்னைக்கு அப்பா ஒட்டுப் போட்ட மரத்துக்குப் பக்கத்துல தீ போகாம பாத்துக்க.

இவானோ

•

ரோக்காஸ்பினா,
மார்ச் 3, 2013

அன்புள்ள அண்ணா,

முதலில் உன் குழந்தைக்காக. அண்ணியிடம் நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல். உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நீ எழுதியது எதுவும் கேவலமில்லை. நான் முன்பே கேட்டிருக்க வேண்டியதை நீயே சொன்னாய்.

இரண்டாவதாக, தயவுசெய்து ஊருக்கு வந்து உன் தோப்பைச் சுத்தம் செய்துவிடாதே. ஒரு குச்சியைக்கூட எடுக்காதே. நான் பித்துப் பிடித்து எழுதவில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜனவரிக் கூட்டத்தில் உன் காகிதத்தைக் காட்டினேன். இவானோவின் தோப்பையும் எரித்துவிட்டு இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம், அப்போதும் இப்படியே என்றால் கலைத்துவிடுவோம் என்று முடிவானது. பனி கரைய நாள் பிடித்தது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை எரிப்பதாக இருந்தோம். அரிவாள்கள் தீட்டி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் மார்த்தா ரிக்கெட்டி வந்து இறங்கினாள். பச்சைக் குளவிகள் பிழைத்தனவா என்று பார்ப்பது அவளுடைய வேலை. நாடா கட்டிய மரம் விழுந்ததை நாங்கள் சொன்னோம். "பரவாயில்லை, அதுங்க ஒரே மரத்துலயா இருக்கும்" என்றாள். அடெல்மோ மகிழ்ந்துபோய் அவளைத் தன் தோப்புக்கு அழைத்துப்போனார். நானும் கூடப் போனேன்.

"பாருங்க டாக்டரம்மா. இந்தத் தரையில போலென்டா களியைக் கொட்டிச் சாப்பிடலாம்."

மார்த்தா தரையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "காஞ்ச முடிச்செல்லாம் எங்க?"

"எரிச்சாச்சு."

"மரத்துல ஒட்டிட்டு இருந்தது?"

"ஏணி எட்டற வரைக்கும் வெட்டி எரிச்சோம். எட்டாதது பனியில விழுந்துச்சு, அதையும் கூட்டி எரிச்சோம்."

"எல்லாத் தோப்புலயுமா?"

"நாங்க பாதி வேலை செய்யற ஆளுங்க இல்லம்மா."

மார்த்தா அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பச்சைக் குளவி குளிர்காலம் முழுக்க அந்தக் காஞ்ச முடிச்சுக்குள்ளதான் புழுவா தூங்கும். ஏப்ரல்லதான் வெளிய வரும். மே வரைக்கும் எரிக்காதீங்கன்னு நான் சொன்னேனே."

"நாடா கட்டின மரத்தைத்தானே சொன்னீங்க?"

"குளவிக்கு நாடா தெரியுமா?"

அடெல்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் எழுபது வருடமாக எதைத் தன் பெருமை என்று நினைத்தாரோ, அதையே செய்து ஊரின் மருந்தைத் தானே எரித்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, நான், எல்லாரும். தரை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்ல மனிதன் என்று இந்த மலையில் யாருக்குத்தான் சொல்லித்தரவில்லை?

அப்போது எனக்கு உன் முட்புதர் நினைவுக்கு வந்தது. "கூட்டாத தோப்பு ஒண்ணு இருக்கு. நாளைக்கு எரிக்கப் போறோம்" என்றேன்.

"நாளைக்கா?" என்று எழுந்தாள் மார்த்தா.

முன்னால் அடெல்மோ அரிவாளோடு போனார். பழக்கதோஷத்தில் ஒரு செடியை வெட்டினார். "எதையும் வெட்டாதீங்க, ஐயா" என்று மார்த்தா பின்னாலிருந்து கத்தினாள். அதன் பிறகு அவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, முட்களைத் தன் முதுகால் தள்ளித் தள்ளி எங்களுக்கு வழி விட்டார். மார்த்தாவின் கோட்டு கிழிந்தது. அப்பா ஒட்டுப் போட்ட மரத்தடியில் நின்று, எட்டிய கிளையிலிருந்து ஒரு முடிச்சைப் பறித்துக் கத்தியால் பிளந்தாள். உள்ளே குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புழு சுருண்டு கிடந்தது. இன்னொன்றைப் பிளந்தாள், அதிலும் இருந்தது. மூன்றாவது காலி. நான்காவதில் இருந்தது.

"அதுதானா?" என்று கேட்டார் அடெல்மோ.

"இங்கயே இருக்கற வேற பூச்சியாவும் இருக்கலாம். புழுவைப் பாத்துச் சொல்ல முடியாது. வெளிய வரட்டும்."

பிளந்ததை எடுத்துக் கையில் ஏந்தியபடி அடெல்மோ கேட்டார்: "இதை மறுபடி ஒட்ட முடியாதா?"

சாக்கு நிறைய முடிச்சுகளைச் சேகரித்து, அட்டைப் பெட்டிகளில் போட்டு மூடினோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துளை, துளையில் ஒரு கண்ணாடிக் குழாய். வெளியே வரும் பூச்சி வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்குள் வந்துவிடுமாம். பெட்டிகள் தீ அணைந்த புகைவீட்டில், ஜன்னலோரம் வரிசையாக இருக்கின்றன. தினமும் காலையில் நான் போய்ப் பார்க்கிறேன். போகும்போதெல்லாம் அடெல்மோ எனக்கு முன்பே அங்கே இருக்கிறார். இன்னும் ஒன்றும் வரவில்லை. வராமலும் போகலாம். கூட்டத்தை ஏப்ரல் முடிவுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

நீ கையெழுத்திட்ட காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நான் மனதார எரித்தது அது ஒன்றைத்தான்.

டெலியா

•

கிளாஸ்கோ,
மார்ச் 19, 2013

டெலியா,

ரெண்டு தடவை படிச்சேன், அப்புறம் மொய்ராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அப்படின்னா நீ இதுவரைக்கும் செஞ்சதுலயே உருப்படியான காரியம் எதுவும் செய்யாம இருந்ததுதானா?" சிரிச்சு முடிக்க அவளுக்கு ரொம்ப நேரமாச்சு. இந்த நேரத்துல அப்படிச் சிரிக்கலாமான்னு எனக்குக் கவலையாயிடுச்சு.

கடையில எண்ணெய் காயறதைப் பாத்துட்டு நிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிங்கதான் ஞாபகம் வருது. நேத்து ஒரு ஆளுக்கு மீனைத் தீயவிட்டுட்டேன். ஒண்ணும் வரலன்னாலும் உடனே எழுது. தொலைபேசி வேணாம். நல்லதோ கெட்டதோ, உன் கையெழுத்துலதான் பாக்கணும். அந்தக் கையெழுத்து எனக்குப் பழகிப்போச்சு.

அடெல்மோகிட்ட சொல்லு, தப்பு அவரோடது இல்ல. நம்ம அப்பா உயிரோட இருந்திருந்தா அடெல்மோவுக்கு முன்னாடி அவரே எரிச்சு முடிச்சிருப்பாரு.

இவானோ

•

ரோக்காஸ்பினா,
ஏப்ரல் 24, 2013

அன்புள்ள அண்ணா,

வந்துவிட்டன.

போன வாரம் ஒரு நாள் வெயில் ஏறும் நேரத்தில் புகைவீட்டுக்குப் போனேன். வாசலில் அடெல்மோ நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. "நீ பாரு. என் கண்ணு சரியில்ல" என்றார். அவர் கண் மிக நன்றாக இருக்கிறது, நீ வறுக்கிற மீனின் முள்ளை இங்கிருந்தே எண்ணுவார். நடுப்பெட்டியின் குழாயில் ஒரு பச்சை மினுக்கல். அரிசியில் பாதிகூட இருக்காது. பின்னால் ஊசி போல ஒரு வால். குழாயின் கண்ணாடியில் நடந்து வந்து, வெளிச்சம் பட்ட இடத்தில் நின்று, கால்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டது. பக்கத்துக் குழாயில் மூன்று. அதற்கடுத்ததில் நான் எண்ணவில்லை.

அடெல்மோ உள்ளே வந்து ஜன்னலோரம் முழங்காலிட்டார். வேண்டுவதற்கல்ல, குழாய் அந்த உயரத்தில் இருக்கிறது. நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவூண்டு" என்றார். பிறகு, "உங்க அண்ணனுக்கு எழுது."

"என்னன்னு எழுதறது?"

"சோம்பேறின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுது." கொஞ்சம் யோசித்தார். "வேணாம், அவன் சோம்பேறிதான். நன்றின்னு மட்டும் எழுது."

அதனால் எழுதுகிறேன்: அடெல்மோ நன்றி சொன்னார்.

மார்த்தா மறுநாள் வந்து உருப்பெருக்கியில் பார்த்து, அதுவேதான் என்று உறுதிப்படுத்தினாள். நாடா கட்டிய மரத்திலிருந்து அவை காற்றோடு மேலே ஏறி உன் தோப்புக்குப் போயிருக்கின்றன. கீழே என் பக்கம் வந்தவற்றை நான் எரித்துவிட்டேன். கல்வரிசையைத் தாண்டியவை மட்டும் பிழைத்தன. பிறகு எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர். தேவாலயத்தில் மெழுகுவத்தி வாங்குவது போல ஆளுக்கொரு குழாயை வாங்கி, கையால் காற்றை மறைத்துக்கொண்டு, தங்கள் தோப்புக்கு நடந்து போனார்கள். யாரும் ஓடவில்லை.

அன்று மாலையே கூட்டம். தொடர்வது என்று முடிவு. ஒரு புதிய விதி: மே மாதம் முடியும் வரை யாரும் எதையும் எரிக்கக்கூடாது, வெட்டிய கிளைகளைத் தோப்பின் ஓரத்தில் குவித்து வைக்க வேண்டும். அடெல்மோதான் முதலில் கை தூக்கினார். ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது தன் தோப்போரக் குவியலை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குள் யாரோ செருப்போடு நுழைந்ததைப் பார்க்கிற பார்வை.

பலன் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகும் என்கிறாள் மார்த்தா. அடெல்மோவின் மகள் பிராட்டோவுக்குப் பதில் எழுதிவிட்டாள், இப்போதைக்கு வரவில்லை என்று. ஆலையை அவளே ஓட்டிப் பார்க்கிறாளாம்.

நீ உன் கடிதத்தில், அங்கே உனக்காகக் காத்திருக்க ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தாய். அதற்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பொறு, தெரியும்போது சொல்கிறேன்.

டெலியா

•

கிளாஸ்கோ,
டிசம்பர் 8, 2015

டெலியா,

செஸ்ட்நட் மாவு வந்து சேந்துச்சு. பையைப் பிரிச்சதும் புகைவீட்டு வாசம் கடை முழுக்கப் பரவிடுச்சு, மீன் வாசத்தையும் மீறி. இரும்புத் தட்டு இல்லாம தோசைச் சட்டி மாதிரி ஒண்ணுல நம்ம ஊரு நெச்சி அடை சுட்டேன். ரெண்டு ஒட்டிக்கிச்சு. மூணாவதுக்குள்ள ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வச்சுச் சுருட்டி எல்ஸ்பெத்துகிட்ட குடுத்தேன். உன் மருமக ரெண்டரை வயசுலயே பெரிய விமரிசகி. முகர்ந்து பாத்துட்டு, "இது இனிக்கற மரம்" அப்படின்னா. தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் திருப்பிக் குடுத்தா.

ரெண்டாவது புகைவீட்டுலயும் தீ மூட்டினோம்னு நீ எழுதியிருந்தே. அந்த வரியை மட்டும் மொய்ரா எடுத்துச் சமையலறையில ஒட்டி வச்சிருக்கா.

அடுத்த வருஷம் வரச் சொல்றே. வரணும்னுதான் இருக்கு. ஆனா ஊருக்குள்ள எப்படி நுழையறதுன்னு தெரியல. எல்லாரும் கைகுடுப்பாங்க, ஒயின் ஊத்துவாங்க, அடெல்மோ தோள்ல தட்டுவாரு. எதுக்கு? நான் ஒண்ணும் செய்யல. நீங்கதான் பெட்டி செஞ்சீங்க, முள்ளுல கிழிபட்டீங்க, குழாயைத் தூக்கிட்டு நடந்தீங்க. செய்யாததுக்கு வாழ்த்து வாங்கறது கடன் மாதிரி இருக்கு. நன்றி சொல்ல வேண்டியவன் நான். நீ விடாம எழுதினே. அதுக்கு.

இவானோ

•

ரோக்காஸ்பினா,
அக்டோபர் 23, 2016

அன்புள்ள அண்ணா,

புனித மார்ட்டின் நாள் முடிந்த மறுநாளுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று என்று அண்ணி தொலைபேசியில் சொன்னாள். நீ அவளுக்குப் பின்னால் இருமவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், கிளம்புவதற்கு முன் இது உனக்குக் கிடைத்துவிடும்.

மூன்று புகைவீடுகளிலும் தீ மூட்டிவிட்டோம். பாதையில் நடந்தால் மூன்று கூரைகளிலிருந்தும் புகை வருவது தெரிகிறது. முடிச்சுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் தேடினால்தான் தெரிகின்றன. மார்த்தா பக்கத்து ஊர்களுக்கும் முடிச்சுகள் கேட்டு வந்தாள். உன் தோப்பிலிருந்துதான் கொடுத்தோம். அங்கே அதை "இவானோவின் குளவி" என்று சொல்கிறார்களாம், நீ ஏதோ பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டு. நான் திருத்தவில்லை.

நீ எதுவும் செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி நிறைய யோசித்தேன். நான் நன்றி சொல்லவேண்டியவை என்று நினைப்பவற்றில் பாதிக்கு மேல் யாரும் எனக்காகச் செய்தவை இல்லை. பனி அந்த வருடம் எரிப்பதைத் தள்ளிப்போட்டது. காற்று மேல்நோக்கி அடித்தது. ஒரு மனிதன் தூரத்திலிருந்து கொண்டு, எல்லாரும் கேட்டும், நானும் கேட்டும், இல்லை என்றான். காரணம் அவனுக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த "இல்லை" போதும். ஒயினைக் குடி, கையைக் கொடு, பேசாமல் இரு. உன்னால் முடிந்தால்.

இங்கே ஒரு சின்னத் தகராறு நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். எல்ஸ்பெத் நடக்க வேண்டுமே என்று அடெல்மோ உன் தோப்பைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். அவர் மகள் வழியை மறித்து நின்றாள். "அப்பா, வாரியலைக் கீழ வைங்க." "குழந்தை விழுந்துடும்டி." "விழட்டும். விழுந்தாத்தான் கொட்டை கண்ணுக்குத் தெரியும்." கடைசியில் ஒரு சமரசம் செய்தோம். கல்வரிசையிலிருந்து அப்பா ஒட்டுப் போட்ட மரம் வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை வெட்டினார். அதற்கு மேல் ஒரு இலையைத் தொடவில்லை. தொடாமல் திரும்பி வர அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தார்.

நீங்கள் வந்து சேரும்போது திருநாள் முடிந்திருக்கும். அதன் பிறகு தரையில் கிடப்பது குனிகிறவருக்குச் சொந்தம். எல்ஸ்பெத்துக்குக் குனியத் தெரியும் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஒரு சின்னக் கூடை வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு ஜோடிக் கையுறையும்.

அங்கே உனக்காக என்ன காத்திருக்கும் என்பதற்கு அன்று பொறு என்று சொன்னேனே, அந்தப் பதில் இப்போது எனக்குத் தெரியும். மரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. முள், பழைய இலை, உடைந்த கிளை, எல்லாம். ஊரே சேர்ந்து அதை அழுக்காக வைத்திருக்கிறோம். உன் வேலை முடியவில்லை, அண்ணா. வா.

உன் தங்கை,
டெலியா